நட்டத்தை எழுதாத கணக்கு

கேள்வி: எனக்கு வயது 31. அம்பத்தூரில் வசிக்கிறேன், மென்பொருள் நிறுவனத்தில் வேலை. பதினான்கு மாதங்களாக நிஃப்டி ஆப்ஷனில் டிரேடிங் செய்கிறேன். முதல் மூன்று மாதங்களில் ரூ.1,42,600 லாபம் பார்த்தேன். அதன் பிறகு கொஞ்சம் போய்விட்டது. கைமுதலைக் கூட்டுவதற்காக, வங்கி லாக்கரில் இருந்த மனைவியின் ஆறு பவுன் சங்கிலியை எடுத்து அடகு வைத்திருக்கிறேன். அவளுக்கு இது தெரியாது. வேலையை விட்டுவிட்டு முழு நேரமும் இதில் இறங்க நினைக்கிறேன். பல ஆண்டுகள் நிலைத்து நிற்கும் டிரேடர்கள் அப்படி என்னதான் செய்கிறார்கள்?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர், சென்னை

பதில்:

அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். லாபத்தை நூறு ரூபாய் சுத்தமாக எழுதியிருக்கிறீர்கள். நட்டத்துக்கு மட்டும் ‘கொஞ்சம்’ என்று ஒரே சொல். பதினொரு மாதங்கள் அந்தச் சொல்லுக்குள் கிடக்கின்றன. ஆறு பவுன் அடகுக்குப் போயிருக்கிறது என்றால் அது கொஞ்சமாக இருக்க முடியாது. நீங்கள் பொய் சொல்வதாக நான் நினைக்கவில்லை. அந்தத் தொகையை நீங்களே இன்னும் கூட்டிப் பார்க்கவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

செகண்ட் லைன் பீச்சில் மெட்ராஸ் பங்குச் சந்தை இயங்கிய காலத்தில், அங்கே ஒரு தரகர் அலுவலகத்தில் கணக்கு எழுதியவன் நான். 2015-இல் அந்தச் சந்தை, பங்குச் சந்தைகளைக் கண்காணிக்கும் அமைப்பான செபியின் அனுமதியோடு அந்தத் தொழிலை விட்டு விலகிக்கொண்டது. அதற்கு முன்பே அங்கு வந்துபோன முகங்களில் பெரும்பாலானவை காணாமல் போயிருந்தன. கடைசி வரை வந்தவர்களில் ஒருவர், கொத்தவால் சாவடிப் பக்கம் மிளகாய் மண்டி வைத்திருந்த பெரியவர். எந்தப் பங்கை வாங்கினாலும் ஒரு துண்டுச் சீட்டில் இரண்டு விலைகளை எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொள்வார். ஒன்று, வாங்கும் விலை. மற்றொன்று, ‘இதற்குக் கீழே போனால் எனக்கு இது வேண்டாம்’ என்ற விலை. இரண்டாவது விலை வந்துவிட்டால் அன்றே விற்றுவிடுவார். ஏன் இறங்கியது, நாளை ஏறுமா என்று யாரிடமும் கேட்க மாட்டார். காரணம் கேட்டபோது மண்டிக் கணக்கிலேயே பதில் சொன்னார்: நமுத்துப்போன வற்றலை வந்த விலைக்குத் தள்ளிவிட வேண்டும், வைத்துக்கொண்டிருந்தால் பக்கத்து மூட்டையும் கெட்டுவிடும்.

அதே அலுவலகத்துக்கு ஓர் இளைஞரும் வருவார். பெரியவரைவிட நூறு மடங்கு விவரம் தெரிந்தவர். பத்துக்கு ஏழு முறை அவர் சொன்னது நடந்ததை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஆனால் தவறிப்போன மூன்று முறையும் விற்க மனம் வராமல், விலை இறங்க இறங்க வாங்கி ஆவரேஜ் செய்வார். 2008 ஜனவரியில் 21,000-ஐத் தொட்ட மும்பைச் சந்தைக் குறியீடான சென்செக்ஸ் அக்டோபரில் 9,000-க்கும் கீழே வந்தது. வீட்டுப் பத்திரம் வரை போன பிறகுதான் அவர் நிறுத்தினார். அவருடைய கணக்கை முடித்து எழுதியது என் கைதான். இன்றும் அதை நினைத்தால் மனம் கனக்கிறது. அதனால்தான் உங்களுக்கு இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

நிலைத்து நிற்பவர்கள் என்ன செய்கிறார்கள் என்று கேட்டீர்கள். ஒரு தடவையில் எவ்வளவு இழக்கலாம் என்பதை வாங்குவதற்கு முன்பே முடிவு செய்துவிடுகிறார்கள். உங்களிடம் இரண்டு லட்சம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு முறையும் கையில் உள்ளதில் ஒரு சதவீதம் மட்டும் போகும்படி பார்த்துக்கொண்டால், தொடர்ந்து பத்து முறை தோற்றாலும் ஏறக்குறைய 1.8 லட்சம் மிஞ்சும். இருபது சதவீதம் போக விட்டால் ஐந்தே தோல்வியில் 66 ஆயிரத்துக்கும் கீழே வந்துவிடுவீர்கள். அதிலிருந்து இரண்டு லட்சத்துக்குத் திரும்ப, மிஞ்சியதை மூன்று மடங்குக்கும் மேலாகப் பெருக்க வேண்டும். அப்படித் தொடர்ந்து ஐந்து தோல்வி வருமா என்று கேட்காதீர்கள். ஒரு நாணயத்தை 200 முறை சுண்டினால் எங்காவது ஓரிடத்தில் வரிசையாக ஐந்து பூ விழுவது அநேகமாக நடந்தே தீரும். ஆப்ஷன் வாங்குபவருக்குச் சிக்கல் இன்னும் அதிகம். ஆப்ஷன் என்பது குறிப்பிட்ட நாளில் குறிப்பிட்ட விலைக்கு வாங்கவோ விற்கவோ பெறும் உரிமை. அந்த உரிமையின் விலைதான் பிரீமியம், அது காலாவதியாகும் நாள்தான் எக்ஸ்பைரி. சந்தை அசையாமல் நின்றாலே எக்ஸ்பைரி நெருங்க நெருங்க பிரீமியம் கரைந்துவிடும். திசையைச் சரியாகச் சொல்லியும் காசை இழக்கும் வியாபாரம் இது.

செபி 2024 செப்டம்பரில் வெளியிட்ட ஆய்வைப் பாருங்கள். 2021-22 முதல் 2023-24 வரையிலான மூன்று நிதியாண்டுகளில் எஃப் அண்ட் ஓ-வில், அதாவது ஃப்யூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் வியாபாரத்தில் இறங்கிய ஒரு கோடிக்கும் அதிகமான தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நட்டப்பட்டிருக்கிறார்கள். செலவு போக ஒரு லட்சத்துக்கு மேல் லாபம் கண்டவர்கள் ஒரு சதவீதம்தான். அந்த ஒரு சதவீதத்தில் நீங்கள் வர முடியாது என்று சொல்லும் உரிமை எனக்கு இல்லை. ஆனால் மூன்று நல்ல மாதங்களை வைத்துக்கொண்டு வேலையை விடாதீர்கள். சம்பளம் நின்றுவிட்டால், ஐந்தாம் தேதி வாடகைக்காக ஒரு டிரேடு எடுக்க வேண்டிவரும். சும்மா இருக்க வேண்டிய நாளில் சும்மா இருக்க முடியாமல் போகும். மண்டிக்காரருக்கு மிளகாய் சோறு போட்டது. அதனால்தான் பங்கில் அவரால் பொறுமையாக இருக்க முடிந்தது.

சங்கிலிக்கு வருகிறேன். இந்த வாரமே உங்கள் மனைவியிடம் சொல்லிவிடுங்கள். லாக்கரைத் திறக்கும் அன்று அவராகத் தெரிந்துகொண்டால், அதன் பிறகு நீங்கள் சொல்லும் எதையும் அவர் நம்ப மாட்டார். கணக்கில் மிச்சமிருக்கும் பணத்தை எடுத்து, போதாததைச் சம்பளத்தில் சேர்த்து, முதலில் நகையை மீட்டுவிடுங்கள். வட்டிக்கு வாங்கிய பணத்தில் டிரேடு செய்கிறவருக்கு நட்டத்தோடு விற்கக் கை வராது. மீட்கும் வரை ஒரு டிரேடுகூட வேண்டாம். அந்த நாட்களில் அலைபேசியைக் கீழே வைக்க முடியவில்லை, தூக்கம் வரவில்லை என்றால், அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416-க்குப் பேசுங்கள். தமிழிலேயே பேசலாம். இதில் வெட்கப்பட எதுவும் இல்லை.

இன்னொன்று. எஃப் அண்ட் ஓ-வில் வருவது வணிக வருமானம். சம்பளக்காரர்கள் வழக்கமாகத் தாக்கல் செய்யும் வருமான வரிப் படிவம் இதற்குப் பொருந்தாது, ஐடிஆர்-3 வேண்டும். உரிய காலத்துக்குள் தாக்கல் செய்தால் இந்த நட்டத்தை எட்டு ஆண்டுகள் வரை முன்னெடுத்துச் சென்று, பின்னால் வரும் வணிக லாபத்தில் கழித்துக்கொள்ளலாம். ஒரு நல்ல ஆடிட்டரைப் பாருங்கள். அவரும் முதலில் கேட்கப்போவது அந்தத் தொகையைத்தான்.

உங்கள் தரகு நிறுவனத்தின் இணையதளத்தில் லாப நட்ட அறிக்கை கிடைக்கும். பதினான்கு மாதங்களுக்கும் சேர்த்து இறக்கிக்கொள்ளுங்கள். தரகு, எஸ்டிடி என்ற பங்குப் பரிவர்த்தனை வரி, ஜிஎஸ்டி எல்லாவற்றையும் கழியுங்கள். அடகு வட்டியையும் சேர்த்துக் கழியுங்கள். கடைசியில் நிற்கும் எண்ணை உங்கள் மனைவியின் பக்கத்தில் உட்கார்ந்து, ரூபாய் சுத்தமாக ஒரு நோட்டில் எழுதுங்கள். நகை வீட்டுக்கு வந்த பிறகு எனக்கு மறுபடி எழுதுங்கள். அந்தக் கடிதத்தில் ‘கொஞ்சம்’ இருந்த இடத்தில் அந்த எண் இருக்கட்டும்.