அளவு எடுக்காத நாளில் கோடு பூஜ்ஜியத்துக்கு விழுவது ஏன்?

கும்பகோணம் பக்கத்து வாய்க்காலின் நீர்வரத்தை எக்செலில் தினமும் பதிகிறீர்கள், விடுபட்ட நாளில் கோடு சடாரென்று தரைக்கு இறங்குகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். அந்தக் கட்டம் பார்க்கத்தான் காலி. உள்ளே இருக்கும் ஐஎஃப் சூத்திரம் "" (வெற்று எழுத்து) தருகிறது. எக்செல் அதை எழுத்தாக எடுத்துக்கொண்டு பூஜ்ஜியமாக வரைகிறது. "" இருக்கும் இடத்தில் 'மதிப்பு இல்லை' என்று சொல்லும் என்ஏ() போடுங்கள் (ஆங்கில எழுத்தில், NA() என்றுதான்).

பிறகு வரைபடத்தில் ரைட் கிளிக், செலக்ட் டேட்டா, ஹிடன் அண்ட் எம்ப்டி செல்ஸ். கேப்ஸ் கொடுத்தால் கோடு அறுந்து நிற்கும். கனெக்ட் கொடுத்தால் முன்பின் புள்ளிகள் நேர்கோட்டில் இணையும். எக்செல் 365-இல் அதே பெட்டியில் என்ஏவைக் காலிக் கட்டமாகக் காட்டும் டிக் உண்டு. அதை எடுத்துவிட்டால், கேப்ஸ் கொடுத்தாலும் கோடு இணைந்தேதான் வரும். பழைய பதிப்புகளிலும் அப்படித்தான்.

ஒரு நாள் விட்டுப்போனால் கனெக்ட் பரவாயில்லை. வெள்ளக் காலத்தில் மூன்று நாள் விட்டால் உச்சமே அந்தக் கோட்டுக்குள் மறைந்துவிடும். அங்கே கேப்ஸ்தான் சரி. இரு இடைவெளிக்கு நடுவே ஒற்றைப் புள்ளி இருந்தால் மார்க்கர் (புள்ளிக்குறி) வையுங்கள், இல்லாவிட்டால் அது கண்ணிலேயே படாது.

மேட்டூர் அடைத்து வாய்க்கால் வறண்ட நாட்கள் வேறு கணக்கு. அது நிஜமான பூஜ்ஜியம், 0 என்றே அடியுங்கள். விடுபட்ட நாளின் வரிசையையே நீக்கிவிடவும் வேண்டாம்: தேதியே இல்லாத இடத்தில் எக்செல் இடைவெளி காட்டாது.