பட்டை இடம் மாறினால் பிறபொருளெதிரியில் பிழையா?

கேள்வி: எலியின் சிறுகுடலில் சீனியைச் செரிக்கும் சுக்ரேஸ்-ஐசோமோல்டேஸ் நொதியத்தை வெஸ்டேர்ன் புளொட்டில் (புரதங்களை ஜெல்லில் அளவுப்படி பிரித்து, ஒரு சவ்வுக்கு மாற்றி, பிறபொருளெதிரியால் பட்டையாகக் காணும் முறை) தேடுகிறேன். பிறபொருளெதிரியோடு வந்த தாளில் புரதத்தின் நிறை 209 கிலோடால்டன் என்று இருக்கிறது. எனக்கோ 140 க்குக் கிட்ட ஒரு பட்டை, கீழே 50 இலும் 25 இலும் இரண்டு. பிழையான சாமான் வந்துவிட்டதோ? (ஆய்வு மாணவி, யாழ்ப்பாணம்)

பதில்: சாமான் சரியாக இருக்கத்தான் வாய்ப்புக் கூட. 209 என்பது வெட்டுப்படாத முழுச் சங்கிலியின் கணக்கு. குடலுக்குள் கணையத்தின் டிரிப்சின் என்ற புரதம் வெட்டும் நொதியம் அதை இரண்டாக வெட்டிவிடும். மென்சவ்வில் ஊன்றி நிற்கும் அமினோ முனைப் பாதி ஐசோமோல்டேஸ், மற்றது சுக்ரேஸ். இரண்டும் ஏறக்குறைய 120 க்கும் 150 க்கும் இடையில் ஓடும். பிறபொருளெதிரியை எந்த முனைத் துண்டுக்கு எதிராக உருவாக்கினார்கள் என்று தாளில் பாருங்கள். அந்தப் பாதிதான் உங்களுக்குத் தெரியும்.

முழுப் பட்டையையும் காண ஆசையென்றால் காக்கோ-2 கலங்களை (மனிதப் பெருங்குடற் புற்றுநோயில் இருந்து வந்தவை, கணைய டிரிப்சின் அங்கே இல்லை), தட்டு நிறைந்தபின் மேலும் இரண்டு மூன்று கிழமை வளர்த்து எடுங்கள். சுரண்டியே எடுக்கவேண்டும். டிரிப்சின் போட்டுக் கழற்றினால் வெட்டியது நீங்களாகிவிடும்!

50 உம் 25 உம் வேறு கதை. உங்கள் பிறபொருளெதிரி சுண்டெலியில் உருவானதென்றால், அதைப் பிடித்துப் பட்டையைக் காட்டும் இரண்டாம் பிறபொருளெதிரி எலிக் குடலிலேயே கிடக்கும் இம்யூனோகுளோபுலினின் பாரச் சங்கிலியையும் இலேசுச் சங்கிலியையும் பிடிக்கிறது. முயலில் உருவானதை வாங்குங்கள். அல்லது எலிப் புரதத்தோடு ஒட்டாதபடி வடித்தெடுத்த இரண்டாம் பிறபொருளெதிரி போதும்.

சந்தேகம் தீர, பிறந்து இரண்டு கிழமைக்கு உட்பட்ட பால்குடிக் குட்டியின் குடலையும் ஒரு லேனில் (ஜெல்லின் ஓர் ஓடுபாதையில்) ஓட்டுங்கள். அந்த வயதில் இந்த நொதியம் அநேகமாக இராது. அங்கும் 140 இல் பட்டை வந்தால் மட்டும் விற்றவரிடம் கேளுங்கள்.

இழையத்தை இடைச்சிறுகுடலில் இருந்து எடுத்து, ஐஸ் குளிர் உப்புக் கரைசலால் கழுவி, புரதச்சிதைவைத் தடுக்கும் கலவையை உடனே சேருங்கள். அதே வேலைக்குப் பாவிக்கும் பிஎம்எஸ்எஃப் தண்ணீரில் நெடுநேரம் நில்லாது, கடைசி நிமிடத்தில் போடுங்கள். 6% ஜெல், லேனுக்கு 20 முதல் 30 மைக்ரோகிராம் புரதம். பெரிய புரதம் ஜெல்லைவிட்டு மெல்லத்தான் கிளம்பும். மெதனோலை 10% ஆகக் குறைத்து, 4 பாகையில் 30 வோல்ட்டில் இரவிரவாகச் சவ்வுக்கு மாற்றுங்கள். சவ்வில் உள்ள புரதத்தைக் காட்டும் பொன்சோ சாயத்தில் மேற்பகுதி வெறுமையாக இருந்தால் பிழை மாற்றத்தில்தான்.

நம்மூர்க் கிணற்றுத் தண்ணீர் சுண்ணக்கல்லில் ஊறியது. பொஸ்பேற்றுத் தாங்கற் கரைசல் அதில் கலங்கிவிடலாம், அயன் நீக்கிய நீரே வேண்டும். குறிப்பில் 'அறை வெப்பநிலை' என்றால் 20 முதல் 25 பாகை, சித்திரை வெயிலில் நம் அறை அல்ல. பிறபொருளெதிரியை 10 மைக்ரோலீற்றராகப் பிரித்து வையுங்கள், ஒரே குப்பி திரும்பத் திரும்ப உருகி உறையக்கூடாது. தானே பனி நீக்கும் ஃபிரீசர் வேண்டாம். பாவித்த முதலாம் பிறபொருளெதிரிக் கரைசலை, கிருமி வளராமல் அசைட் போட்டுச் சேமிக்கலாம். ஆனால் பட்டையைத் தெரியவைக்கும் பெரொக்சிடேஸ் நொதியம் பூட்டிய இரண்டாம் பிறபொருளெதிரிக்குள் அது ஒரு துளியும் போகக்கூடாது, பட்டையே வராது.