“வாயை அசைக்கிறேன் அக்கா, ஜெபம் வரவில்லை”

கேள்வி: அன்புள்ள அக்கா, நான் கல்லடிப் பக்கம். கணவர் மேசன் வேலை. போன வருஷம் கூரையில் நின்று வேலை செய்யும்போது விழுந்து முள்ளந்தண்டில் அடிபட்டு, இப்போது படுக்கையில் இருக்கிறார். இரண்டு பிள்ளைகள், மூத்தவள் இந்த வருஷம் ஓ.எல். பரீட்சை எடுக்கிறாள். நான் விடிய மூன்று மணிக்கு எழும்பி இடியப்பம் அவித்துக் கடைகளுக்குக் கொடுக்கிறேன். இரண்டு நுண்கடன் இருக்கிறது. சபையில் ஒரு மூப்பர், “வீட்டில் அறிக்கையிடாத பாவம் ஏதோ இருக்கு, அதுதான் சுகம் தடைப்படுது” என்றார். இன்னொரு கூட்டத்தில், விசேஷ காணிக்கை விதைத்தால் கடன் தீரும் என்றார்கள், காதுத் தோட்டை அடகு வைத்துக் கொடுத்தேன். ஒன்றும் மாறவில்லை. இப்போது ஆராதனையில் எல்லோரும் பாடும்போது நான் வாயை மட்டும் அசைக்கிறேன். சில இரவுகளில் விடியாமலே போனால் நல்லம் என்றும் நினைக்கிறேன். சின்னவன், “இயேசப்பா ஏன் அப்பாவை எழுப்பல்ல?” என்று கேட்கிறான். என் விசுவாசம் செத்துவிட்டதா அக்கா?
– ஒரு சகோதரி, மட்டக்களப்பு

பதில்:

தங்கச்சி, செத்துப்போன விசுவாசம் இப்படிக் கடிதம் எழுதாது. கடவுளே இல்லை என்று முடிவு கட்டியவருக்கு அவர் ஏன் பேசவில்லை என்ற கவலை எதற்கு? உங்களுக்கு அது நெஞ்சை அறுக்கிறது. ஆகவே அந்தப் பயத்தை இப்போதைக்கு ஒரு பக்கம் வையுங்கள், மற்றதைப் பேசுவோம்.

முதலில் அந்த மூப்பர் சொன்னது. லூக்கா 13-ஆம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். சீலோவாமில் ஒரு கோபுரம் விழுந்து 18 பேர் செத்துப்போனார்கள், அவர்கள் மற்ற எல்லோரையும்விடப் பெரிய குற்றவாளிகள் என்று நினைக்கிறீர்களா என்று இயேசுவே கேட்டு, அப்படி இல்லை என்று அவரே பதிலும் சொல்கிறார். கட்டடம் விழுந்து செத்தவர்களைப் பற்றி ஆண்டவர் இப்படிச் சொல்லியிருக்க, கட்டடத்திலிருந்து விழுந்தவரைப் பற்றி ஒரு மூப்பருக்கு வேறு என்ன வெளிப்பாடு வந்தது? 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு அன்று நம்முடைய சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்ததே, அதில் செத்ததில் எத்தனையோ பேர் ஓய்வுநாள் பாடசாலை முடிந்து வெளியே வந்த சின்னப் பிள்ளைகள். அந்தத் தாய்மாருக்கு முன்னால் போய் நின்று, அறிக்கையிடாத பாவம் என்று வாய் திறந்து சொல்ல யாருக்காவது துணிவு வருமா? அங்கே சொல்ல முடியாததை உங்கள் வீட்டுக் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று சொன்னதும் தவறுதான். சுற்றி வளைக்காமல் சொல்கிறேன், அவர் சொன்னது வேதம் இல்லை. யோபுவின் நண்பர்கள் சொன்னதும் இதுதான், கடைசியில் கர்த்தர் யார்மேல் கோபப்பட்டார் என்று யோபு 42-இல் இருக்கிறது, வாசியுங்கள்.

வில்லியம் ஓல்ட் ஐயாவின் சிலை நம்முடைய ஊரில் நிற்கிறதே, அவருடைய கதை உங்களுக்குத் தெரியுமோ தெரியாது. 1814-இல் மட்டக்களப்புக்கு வந்த மெதடிஸ்த மிஷனரி. வரும் வழியில் கப்பலிலேயே மனைவி இறந்துபோனார். அந்தத் துக்கத்தோடு, தெரியாத மொழி பேசுகிற ஊரில் தனியாக இறங்கி, பள்ளிக்கூடங்களைத் தொடங்கி, ஒரு வருஷம்கூட முடியாமல் 1815 ஏப்ரலில் அவரும் போய்ச் சேர்ந்தார். இன்றைக்கு மெதடிஸ்த மத்திய கல்லூரி இருப்பது அந்தச் சில மாதங்களால்தான். அவருக்கு மறைவான பாவம் இருந்தது, அதனால்தான் மனைவியும் போய் உயிரும் போனது என்று இந்த இருநூறு வருஷத்தில் மட்டக்களப்பில் யாரும் பேசி நான் கேட்டதில்லை.

இனிக் காணிக்கை. இதில் எனக்குக் கோபம் வருகிறது, மறைக்க மாட்டேன். ஏழை விதவை இரண்டு காசு போட்டதைச் சொல்லித்தானே உங்களிடம் கேட்டிருப்பார்கள்? அந்தக் கதை மாற்கு 12-இன் கடைசியில் இருக்கிறது. அதற்குச் சற்று மேலே 40-ஆம் வசனத்தில், விதவைகளின் வீடுகளைப் பட்சித்து, பார்வைக்கு நீண்ட ஜெபம் பண்ணுகிறவர்களுக்கு அதிக ஆக்கினை வரும் என்று இயேசு சொல்கிறார். இரண்டையும் சேர்த்து வாசித்தால் மேடையில் சொல்கிற அர்த்தம் வராது. கடன் எடுத்தோ நகையை அடகு வைத்தோ இனி ஒரு ரூபாய்கூடக் காணிக்கை போடாதீர்கள். கொடுத்த காசைத் திருப்பித் தரச் சொல்லிக் கேட்பதும் பாவம் இல்லை. தராவிட்டாலும் கேட்டு வையுங்கள், அடுத்த பெண்ணிடம் கேட்குமுன் கொஞ்சம் யோசிப்பார்கள்.

அப்புறம் நீங்கள் ஒரு வரியில் எழுதிவிட்டுக் கடந்துபோன அந்த விஷயம், விடியாமலே போனால் நல்லம் என்பது. எலியாவும் இதைத்தான் சொன்னார். பெரிய தீர்க்கதரிசி, வானத்திலிருந்து அக்கினியை இறக்கினவர், வனாந்தரத்தில் ஒரு சூரைச்செடிக்குக் கீழே படுத்துக்கொண்டு, போதும் கர்த்தாவே, என் உயிரை எடுத்துக்கொள்ளும் என்றார். தேவதூதன் வந்து பிரசங்கம் பண்ணவில்லை, உன் விசுவாசம் எங்கே என்று அதட்டவும் இல்லை. சுட்ட அடையும் தண்ணீரும் வைத்து, எழும்பிச் சாப்பிடு என்றான். அவர் சாப்பிட்டுவிட்டுத் திரும்பவும் படுத்தார், இரண்டாம் தரமும் எழுப்பிச் சாப்பாடுதான் கொடுத்தான். மூன்று மணிக்கு எழும்புகிற நீங்கள் எத்தனை மணிக்குப் படுக்கிறீர்கள்? ஊருக்கெல்லாம் இடியப்பம் அவிக்கிறீர்கள், நீங்கள் சூட்டோடு இரண்டு சாப்பிட்டுவிட்டுத்தான் அடுப்படியை விட்டு எழும்புகிறீர்களா? இதையும் ஆவிக்குரிய கேள்வியாகத்தான் கேட்கிறேன். கணவரை கிளினிக்குக்குக் கொண்டு போகும் நாளில் அங்கேயே மனநல வைத்தியரையும் பார்க்க வேண்டும் என்று சொல்லுங்கள். இரவில் அந்த எண்ணம் கூடினால் 1926-க்கு எடுங்கள், அது தேசிய மனநல உதவி இலக்கம், எந்த நேரமும் எடுக்கலாம். பக்கத்து வீட்டில் ஒருவருக்காவது இதை வாய்விட்டுச் சொல்லி வையுங்கள், இன்றைக்கே.

ஜெபம் வரவில்லை என்கிறீர்கள். வருவது என்ன? கோபமா, அழுகையா, ஒன்றுமே இல்லாத வெறுமையா? அதையே கொண்டு போங்கள். நம்முடைய சபைகளில் துதி, ஸ்தோத்திரம் மட்டும்தான் ஜெபம் என்று பழக்கிவிட்டார்கள், அதனால் அழுகிறவருக்கு ஆலயத்தில் பேச்சே இல்லாமல் போய்விட்டது. சங்கீதப் புத்தகத்தில் கணிசமான பகுதி முறைப்பாடுதான். 13-ஆம் சங்கீதம் ஆறே வசனம். “கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்” என்று தொடங்குகிறது. அதை ஒரு துண்டுத் தாளில் எழுதி அடுப்படியில் ஒட்டுங்கள். உரலைப் பிழிந்துகொண்டே ஒரு தட்டுக்கு ஒரு வசனம் சொல்லுங்கள். உணர்ச்சி வராது, வரவும் வேண்டாம், சொன்னால் போதும். கடைசி இரண்டு வசனத்தில் சங்கீதக்காரர் நம்பிக்கைக்குத் திரும்புகிறார், அது உங்கள் வாயில் வரவில்லையென்றால் நாலாம் வசனத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். 88-ஆம் சங்கீதம் அப்படித் திரும்பாமலே முடிகிறது. ஆறுதல் இல்லை, விடை இல்லை, தெரிந்தவர்கள் எல்லாம் மறைந்துபோனார்கள் என்பதோடு சரி. அதையும் வேதத்தில் சேர்த்து வைத்திருக்கிறார்கள் என்றால், அப்படியும் ஒருவர் ஜெபித்துவிட்டுப் போகலாம் என்றுதானே அர்த்தம். ஒன்றைக் கவனியுங்கள், சங்கீதக்காரர் முறையிடுவது கர்த்தரிடம்தான், வேறு யாரிடமும் போய்ச் சொல்லவில்லை. துன்பத்தில் நிலைத்து நின்றவர்களைப் பார்த்தால் முகத்தில் பெரிய சந்தோஷம் தெரியாது, சண்டை போட்டாலும் அவரிடமே போட்டுக்கொண்டிருப்பார்கள். சுனாமியில் பிள்ளைகளைக் கொடுத்த தாய்மார் நாவலடிப் பக்கம் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவரிடம், எப்படித் தாங்குகிறீர்கள் என்று போய்க் கேளுங்கள். வசனம் சொல்லாவிட்டாலும் தேத்தண்ணி போட்டுத் தருவார்கள்.

பாட்டுக்கு வாயை மட்டும் அசைக்கிறேன் என்று வெட்கப்படுகிறீர்கள். பரவாயில்லை, அசையுங்கள், பக்கத்து வாங்கில் இருக்கிறவர்கள் பாடட்டும். திமிர்வாதக்காரனை நாலு பேர் கட்டிலோடு தூக்கி வந்து, கூரையைப் பிரித்து இயேசுவுக்கு முன்னால் இறக்கினார்களே, அங்கே அவர் பார்த்தது அந்த நாலு பேரின் விசுவாசத்தை. படுத்திருந்தவனுக்கு எவ்வளவு விசுவாசம் இருந்தது என்று மாற்கு எழுதவே இல்லை. சபை என்று ஒன்று இருப்பது இதற்காகத்தான், ஒருவரால் முடியாத காலத்தில் மற்றவர்கள் அவருக்காக விசுவாசிப்பதற்கு. நீங்கள் போகிற இடத்தில் தூக்குகிற ஆட்கள் இல்லாமல் குற்றம் கண்டுபிடிக்கிற ஆட்கள்தான் இருக்கிறார்கள் என்றால், மட்டக்களப்பில் வேறு சபைகள் இருக்கின்றன, மாறிப் போங்கள். விசுவாசத்தை விட்டதாக ஆகாது. ஆனால் தனியாக வீட்டில் இருந்துவிடாதீர்கள்.

கடன் விஷயத்தை ஜெபக் குறிப்பில் மட்டும் எழுதி வைக்க வேண்டாம். கிழமைக்குக் கிழமை நுண்கடன் தவணை வாங்க விறாந்தையில் வந்து உட்கார்ந்து, ஒருத்தி கட்டாவிட்டால் குழுவில் மற்றவர்களையும் எழும்ப விடாத அந்த நாற்காலிக் கூட்டத்தை நானும் பார்த்திருக்கிறேன். ஒன்றை அடைக்க மூன்றாவது ஒன்றை எடுக்காதீர்கள். இரண்டு கடன் புத்தகத்தையும் கொண்டுபோய்க் கணக்குத் தெரிந்த ஒருவரிடம் காட்டி, முதல் எவ்வளவு, வட்டி எவ்வளவு என்று பிரித்துப் பாருங்கள். தவணையைக் குறைத்துத் தரச் சொல்லி எழுத்தில் கேளுங்கள். பிரதேச செயலகத்தில் சமூக சேவை உத்தியோகத்தர் இருப்பார், கணவரின் வைத்திய அறிக்கையோடு போய் மாற்றுத்திறனாளிக்கான உதவித்தொகைக்கு விண்ணப்பியுங்கள். அரசாங்க நலன்புரி உதவியான அஸ்வெசுமவில் பெயர் இருக்கிறதா என்றும் கிராம சேவகரிடம் கேளுங்கள்.

சின்னவனுக்கு என்ன சொல்வது? தெரியாததைத் தெரிந்ததுபோலச் சொல்லாதீர்கள். “எனக்கும் தெரியல்ல மகன், நானும் அவரிட்ட அதைத்தான் கேக்கிறன்” என்று சொல்லுங்கள். லாசருவின் கல்லறையில் இயேசு கண்ணீர் விட்டதைச் சொல்லிக் கொடுங்கள், பிள்ளைக்கு அது விளங்கும். நன்றாக ஜெபித்தால் அப்பா எழும்புவார் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். எழும்பாவிட்டால், தான் சரியாக ஜெபிக்கவில்லை என்று அந்தப் பிள்ளை நினைக்கும், அந்தப் பாரத்தை ஒரு சின்னப் பிள்ளையின் தலையில் வைக்க முடியாது.

இன்னொன்று. கடிதம் முழுக்கத் தேடிப் பார்த்தேன், உங்கள் கணவர் பேசிய ஒரு வார்த்தையும் இல்லை. எல்லோரும் அவருக்காக ஜெபிக்கிறார்கள், அவரைச் சுற்றி நின்று அவருடைய பாவத்தைப் பற்றியும் பேசுகிறார்கள், அவரிடம் யாராவது கேட்டார்களா? முள்ளந்தண்டில்தானே அடி, வாயிலும் மனதிலும் இல்லையே. மூத்தவள் பரீட்சைக்குப் போகும் நாளில் அவளை அப்பாவின் கட்டிலடியில் நிற்க வைத்து, அவரை ஜெபிக்கச் சொல்லுங்கள். வீட்டில் ஜெபம் பண்ணுகிற வேலை இனி அவருடையது, உங்களுக்கு இடியப்ப வேலை போதும். முதல் நாள் அவர் மாட்டேன் என்று முகத்தைத் திருப்பலாம், அழலாம், உங்களைப்போலவே அவருக்கும் வார்த்தை வராமல் இருக்கலாம். அப்படியென்றால் அந்த 13-ஆம் சங்கீதத்தை இரண்டு பேரும் சேர்ந்து வாசியுங்கள். அவர் என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள்.