படத்தில் மரக்காடு, அடங்கலில் தரிசு

கேள்வி: இணையத்தில் செயற்கைக்கோள் வரைபடத்தைப் பார்த்தால் எங்கள் புஞ்சை மரங்கள் நிறைந்த இடமாகத் தெரிகிறது. கிராமப் பயிர்க் கணக்கான அடங்கலில் 'தரிசு' என்று இருக்கிறது. பக்கத்துக் கண்மாயும் படத்தில் அதே பச்சைதான். எது சரி?
– ஒரு வாசகர், பரமக்குடி

பதில்: இரண்டும் சரிதான். தரைமேல் என்ன கிடக்கிறது, மரமா, புல்லா, தண்ணீரா, கட்டடமா என்பது நிலப்போர்வை. அந்த இடத்தை மனிதர்கள் எதற்கு வைத்திருக்கிறார்கள் என்பது நிலப்பயன்பாடு. செயற்கைக்கோள் இலையில் பட்டுத் திரும்பும் அகச்சிவப்பு ஒளியை வைத்துப் பச்சையைக் கண்டுபிடிக்கும், அவ்வளவுதான். உங்கள் பட்டா விவரம் அதற்கு எங்கே தெரியப்போகிறது?

உங்கள் பக்கம் என்றால் அது அநேகமாகச் சீமைக்கருவேலமாகத்தான் இருக்கும். உழாமல் போட்ட நிலத்தில் அது எப்படி மண்டும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வருவாய்த் துறைக் கணக்கு வேறு மாதிரி: இந்த வருஷம் மட்டும் விதைக்கவில்லை என்றால் நடப்புத் தரிசு, ஐந்து வருஷம் வரை போனால் பிற தரிசு, அதையும் தாண்டினால் சாகுபடிக்கேற்ற தரிசு. தானாக முளைத்த முள்மரம் எத்தனை நின்றாலும் இந்தக் கணக்கு மாறாது. கண்மாயும் அப்படித்தான், உள்ளே சொட்டுத் தண்ணீர் இல்லாவிட்டாலும் பதிவேட்டில் அது நீர்நிலைப் புறம்போக்கு.

இந்தக் குழப்பம் உங்களுக்கு மட்டும் இல்லை. இந்திய வன ஆய்வு நிறுவனம் வெளியிடும் அறிக்கையில் 'வனப்போர்வை' என்றால், 1 ஹெக்டேருக்குக் குறையாத பரப்பில் மரங்களின் கிளைப்பரப்பு 10 சதவீதத்துக்குமேல் இருக்கும் எந்த இடமும் சேர்த்தி, நிலம் யாருடையது என்று பார்ப்பதில்லை. அதனால் தனியார் தென்னந்தோப்பும் மாந்தோப்பும்கூட அதில் வந்துவிடும். நீலகிரியில் முக்குருத்தி தேசியப் பூங்காவின் புல்வெளிகள் நேர்மாறு: சட்டப்படி காடு, ஆனால் மரம் இல்லாததால் வனப்போர்வையில் வராது. இதைப் பிரித்துச் சொல்லாமல் 'காடு பெருகியது' என்று தலைப்புப் போடுகிறார்கள் பாருங்கள், எனக்கு எரிச்சல்தான் வரும்.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருவோம். விற்கவோ கடன் வாங்கவோ போனால் அந்தப் படத்தைக் காட்டிப் பயனில்லை, பதிவேட்டைத்தான் கேட்பார்கள். முள்ளை வெட்டி உழுது ஏதாவது விதைத்தால், பயிர் நிற்கும்போதே கிராம நிர்வாக அலுவலரிடம் சொல்லி அந்தப் பசலி அடங்கலில் ஏற்றிவிடுங்கள். பசலி என்பது வருவாய்த் துறையின் கணக்கு ஆண்டு, ஜூலையில் தொடங்கி ஜூனில் முடியும். அறுத்த பிறகு போய்க் கேட்டால் அவர் வந்து பார்க்க அங்கே ஒன்றும் இருக்காது.