மூன்று வீட்டில் ஒரே நேரத்தில் டிவி எரிந்தால் நியூட்ரலைப் பாருங்கள்

திருவாரூர் பக்கத்திலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "காற்றடித்த இரவில் திடீரென்று பல்பெல்லாம் பளீரென்று எரிந்தன. சற்று நேரத்தில் டிவி, செட்டாப் பாக்ஸ், ஃப்ரிட்ஜ் மூன்றும் போய்விட்டன. பக்கத்து இரண்டு வீட்டிலும் இதே சேதம். கடைக்காரர் எல்லாவற்றுக்கும் ஸ்பைக் கார்டு வாங்கச் சொல்கிறார். போதுமா?"

போதாது அம்மா. நீங்கள் சொல்வதைப் பார்த்தால், லைனில் நியூட்ரல், அதாவது கரண்ட் திரும்பிப் போகும் கம்பி, விட்டுப்போயிருக்கிறது. தெருவுக்கு மூன்று ஃபேஸும் (கரண்ட் கொண்டுவரும் கம்பிகள்) ஒரு நியூட்ரலும் வருகின்றன. ஒரு ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவில் 230 வோல்ட். இரண்டு ஃபேஸுக்கு நடுவில் 400. பொது நியூட்ரல் அறுந்தால் உங்கள் வீடும் வேறு ஃபேஸில் இருக்கும் வீடுகளும் அந்த 400-ஐப் பங்குபோட்டுக்கொள்ள வேண்டியதாகிறது. லோடு அதிகமுள்ள ஃபேஸில் பல்பு மங்கும், குறைவாக உள்ள ஃபேஸில் வோல்ட்டேஜ் 300-ஐயும் தாண்டலாம்.

ஸ்பைக் கார்டுக்குள் இருக்கும் சின்ன வில்லை, கண்ணிமைப்பதற்குள் வந்துபோகும் எழுச்சிக்கானது. நிமிடக்கணக்கில் நிற்கும் 350 வோல்ட்டில் அதுவே கருகிவிடும். சில மலிவான பலகைகளில் அந்த வில்லைகூட இருப்பதில்லை, சுவிட்சும் ஃபியூஸும்தான். கரண்ட் மிகும்போது தானே அணையும் சுவிட்சான எம்.சி.பி.யும் காப்பாற்றாது. அது பார்ப்பது கரண்டின் அளவை, வோல்ட்டேஜை அல்ல.

உங்களுக்கு வேண்டியது மெயின் போர்டில் ஒரு ஓவர் வோல்ட்டேஜ் புரொடெக்டர். மேல் அளவு 270, கீழ் அளவு 170 வோல்ட் என்று வைத்தால், அதைத் தாண்டியதும் வீட்டையே துண்டித்துவிடும். கரண்ட் சீரானதும் மூன்று நிமிடம் கழித்துச் சேர்க்கும்படி வையுங்கள், ஃப்ரிட்ஜ் கம்ப்ரசருக்கு நல்லது. அது தாங்கும் ஆம்பியர், மெயின் எம்.சி.பி.யின் அளவுக்குக் குறையக்கூடாது. இனி எப்போதாவது பல்பு அளவுக்கு மீறிப் பிரகாசித்தால், யோசிக்காமல் மெயினை அணையுங்கள்.

அப்புறம், இதைக் கட்டாயம் கவனியுங்கள். நியூட்ரல் போனால் "எர்த்திலிருந்து எடுத்துக் கொடுக்கிறேன்" என்று ஒரு எலக்ட்ரீஷியன் வருவார். ஐந்து நிமிட வேலை, கையில் காசு, விளக்கும் எரியும். ஒருபோதும் விடாதீர்கள். வீட்டின் கரண்ட் முழுக்க எர்த் குழி வழியாகத் திரும்பும். குழி காய்ந்திருந்தாலோ எர்த் கம்பி விட்டுப்போனாலோ ஃப்ரிட்ஜ் கதவும் கிரைண்டர் உடம்பும் ஷாக் அடிக்கும். குழந்தைகள் தொடும் பொருள்கள் அவை. கரண்ட் கசிந்தால் உடனே துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. இருந்தால் அது ட்ரிப் ஆகும். உடனே அதையும் கழற்றிவிட்டு நேரடியாக இணைப்பார்கள். உயிரைக் காக்கும் ஒரே கருவி அது.

இடி மின்னல் மட்டும் வேறு விஷயம். அதன் வேகத்துக்கு மேலே சொன்ன புரொடெக்டர் ஈடுகொடுக்காது. மின்னலின் எழுச்சியை எர்த்துக்குத் திருப்பிவிடும் எஸ்.பி.டி. என்ற கருவியைப் போர்டில் தனியாக வைக்கலாம், ஆனால் நல்ல எர்த் இல்லாமல் அதுவும் பயன்படாது. பிளக்கைப் பிடுங்கிவிட்டோம் என்று நிம்மதியாக இருக்கும் பலருக்கு டிவி போவது கேபிள் வழியாக. கேபிள், டிஷ் ஒயர், இன்டர்நெட் ஒயர் எல்லாவற்றையும் மழை தொடங்கும் முன்பே கழற்றுங்கள். தலைக்கு மேல் இடிக்கும்போது போய்த் தொடாதீர்கள்.

சரி, வயர்மேன் வந்து கம்பியை முறுக்கிவிட்டுப் போயிருந்தால் விட்டுவிடாதீர்கள். முறுக்கிய இணைப்பு அரித்துத் தளர்ந்து அடுத்த காற்றில் மறுபடி விடும். கிளாம்ப் போட்டு இறுக்க வேண்டிய வேலை அது. அதைச் செய்யாததற்கு நுகர்வோர் ஏன் ஃப்ரிட்ஜ் வாங்க வேண்டும்? மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்தில் (94987 94987) புகாரைப் பதிந்து எண்ணை வாங்குங்கள். "கரண்ட் இல்லை" என்று சொல்லாமல் "நியூட்ரல் கட், ஹை வோல்ட்டேஜ்" என்றே சொல்லுங்கள். மூன்று வீட்டாரும் சேர்ந்து உதவிப் பொறியாளருக்கு எழுத்தில் கொடுத்து, நகலில் முத்திரை வாங்குங்கள். டிவி, ஃப்ரிட்ஜுக்குள் எரிந்த போர்டுகளை மெக்கானிக்கிடம் கொடுத்துவிடாதீர்கள். பின்னால் மின் நுகர்வோர் குறைதீர் மன்றத்துக்குப் போனால் அவையும் பில்லும்தான் சாட்சி.