நாட்டாமை – ஒரு கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

குடும்பச் சொத்தின் வரவுசெலவுக் கணக்கைக் கேட்டதற்கு, "இங்கே நாட்டாமை செய்யாதே" என்று அண்ணன் சீறினார். 'ஆண்மை' ஒளிந்திருக்கும் அச்சொல்லை அகராதியிலிருந்தே நீக்கவேண்டும் என்று எண்ணுகிறேன். அது எப்படி வசையாயிற்று? கணக்கை நான் எப்படிக் கேட்பது?

எஸ்.

அன்புள்ள எஸ்,

கணக்கை எழுத்தில் கேளுங்கள். அண்ணனின் கோபத்துக்கு என்னிடம் மருந்தில்லை. உங்கள் வருத்தம் எனக்குப் புரிகிறது. ஆனால் ஒரு சொல்லைப் பிரித்துக்கூடப் பாராமல் அதை நாடுகடத்தப் புறப்படும் அவசரத்தைப் பொறுக்க முடியவில்லை. கேள் என்பதிலிருந்து கேண்மை வருவதுபோல, ஆள் என்பதிலிருந்து வருவது இந்த ஆண்மை. நாட்டை ஆளும் தன்மை நாட்டாண்மை. அது பேச்சில் தேய்ந்து நாட்டாமை ஆயிற்று. ஒருவனைச் சோம்பல் ஆள்வதை வள்ளுவர் 609ஆம் குறளில் 'மடியாண்மை' என்கிறார். சோம்பலுக்கு மீசை முளைத்திருக்கிறதா என்ன?

சில நாட்களாக என் மனத்தில் ஓடுவது வேறொன்று. சோழர் காலக் கல்வெட்டுகளில் நாடு என்பது பல ஊர்கள் சேர்ந்த ஒரு பகுதி. அதன் காரியங்களைக் கூடிப் பார்த்தவர்கள் 'நாட்டார்'. அது பலர்பால். (அந்தப் பலரும் நிலமுடையோரே என்பதால், பொற்காலம் பாட எனக்கு விருப்பமில்லை.) பலர் கூடிச் செய்த அந்த வேலை ஒரே வீட்டின் பரம்பரைப் பட்டமாகச் சுருங்கிய பிறகே, அச்சொல் கசக்கத் தொடங்கியிருக்க வேண்டும் என்பது என் துணிபு.

என் அப்பத்தாவின் ஊரில் கோயில் திருவிழாவுக்குக் குடும்பத்துக்கு இவ்வளவு என்று தலைக்கட்டு வரி வாங்குவார்கள். கைம்பெண்ணின் வீடு அரைத் தலைக்கட்டு. ஓர் ஆண்டு அப்பத்தா முழு வரியையும் கொண்டுபோய் வைத்து, தன் வீட்டை முழுத் தலைக்கட்டாக எழுதும்படியும், முந்தைய ஆண்டின் கணக்கை எல்லோர் முன்னும் வாசிக்கும்படியும் கேட்டாள். மூன்று தலைமுறையாக நாட்டாமைப் பட்டம் கட்டியிருந்த வீட்டுக்காரர், "பொம்பளை நாட்டாமை பண்ணினா ஊர் உருப்படுமா?" என்றார். பட்டம் அவருக்கு, வசை அவளுக்கு! கணக்கு வாசிக்கப்படவில்லை, பாதிப் பணமும் திரும்பி வந்தது. அப்பத்தா அதை அங்கேயே உண்டியலில் போட்டுவிட்டு, "இதையும் நோட்டில் எழுதிக்கோ" என்று சொல்லி, எழுதி முடிக்கும்வரை நின்றாள்.