கடைசிப் பக்கத்தைப் புரட்டாதீர்கள்: மர்ம நாவல் கேள்வி பதில்

துப்பறியும் கதை படிப்பவர்கள் கேட்டு அனுப்பிய கேள்விகள் இவை. ஒரு வாக்குறுதி முதலில்: கொலையாளி யார் என்று எந்த நாவலைப் பற்றியும் சொல்ல மாட்டேன். ஒரே ஒரு சிறுகதையின் துப்பை மட்டும் போட்டு உடைத்திருக்கிறேன். அது வெளிவந்து நூற்றுமுப்பது வருஷம் தாண்டிவிட்டது, மன்னிப்பீர்கள்.

கேள்வி: அக்கா, மர்மம், த்ரில்லர், சஸ்பென்ஸ் எல்லாவற்றையும் ஒரே அலமாரியில்தான் அடுக்குகிறார்கள். உண்மையிலேயே வித்தியாசம் இருக்கிறதா?

பதில்: இருக்கிறது. மர்ம நாவலில் குற்றம் நடந்து முடிந்துவிட்டது, நாம் தடயத்தைப் பிடித்துக்கொண்டு பின்னோக்கி நடக்கிறோம். த்ரில்லரில் அது இனிமேல்தான் நடக்கப்போகிறது, தடுக்க மூச்சிரைக்க ஓடுகிறோம். சஸ்பென்ஸ் தனி ரகம் இல்லை. இரண்டிலும் கலக்கிற சரக்கு.

சினிமா இயக்குநர் ஹிட்ச்காக் இதற்கு ஒரு உதாரணம் சொல்வார். இரண்டு பேர் மேஜையில் உட்கார்ந்து வெட்டிப் பேச்சு பேசுகிறார்கள். திடீரென்று அடியில் குண்டு வெடிக்கிறது. பார்ப்பவருக்கு 15 விநாடி அதிர்ச்சி, அவ்வளவுதான். அதே காட்சியில் குண்டு வைத்ததை முன்கூட்டியே காட்டிவிடுங்கள். ஒரு மணிக்கு வெடிக்கும், இப்போது மணி 12.45 என்று சுவர்க் கடிகாரத்தையும் காட்டிவிடுங்கள். இப்போது அந்த வெட்டிப் பேச்சின் ஒவ்வொரு வார்த்தையும் நம்மை வதைக்கும், 15 நிமிஷத்துக்கு. 'மறைத்து வைத்தால்தான் சஸ்பென்ஸ்' என்று நினைக்கிறவர்கள் இதை ஒருமுறை யோசித்துப் பார்க்கட்டும். பல சமயம் சொல்லிவிடுவதில்தான் பதற்றமே பிறக்கிறது.

கேள்வி: இதுவரை ஒரு துப்பறியும் நாவல்கூட முழுசாகப் படித்ததில்லை. எங்கே ஆரம்பிப்பது?

பதில்: ஷெர்லாக் ஹோம்ஸ் சிறுகதைகள். மொத்தம் 56 சிறுகதை, 4 நாவல். சிறுகதைத் தொகுதி ஒன்றை எடுத்து ராத்திரிக்கு ஒன்று என்று படியுங்கள், நாவல் பக்கம் பிறகு வரலாம். அடுத்து அகதா கிறிஸ்டி 1939இல் எழுதிய 'அண்ட் தென் தேர் வேர் நன்'. தீவில் மாட்டிக்கொண்ட பத்துப் பேர், ஒவ்வொருவராகக் குறைகிறார்கள். அதில் வழக்கை அவிழ்த்துச் சொல்கிற துப்பறிவாளர் என்று யாருமே கிடையாது, அந்த வேலை நம் தலையில்தான் விழுகிறது. அது பிடிக்கவில்லை என்றால் இந்த வகையே உங்களுக்கு ஆகாது என்று வைத்துக்கொள்ளுங்கள், குற்றமில்லை.

கேள்வி: நூறாவது பக்கத்திலேயே கொலையாளி யார் என்று எனக்குத் தெரிந்துவிடுகிறது. சுவாரஸ்யமே போய்விட்டது. என்ன செய்யலாம்?

பதில்: கோபித்துக்கொள்ளாதீர்கள். நீங்கள் கண்டுபிடிப்பது கொலையாளியை இல்லை, எழுத்தாளரின் பழக்கத்தை. 'ரொம்ப நல்லவராக இருக்கிறாரே, கதைக்குத் தேவையே இல்லாமல் மூன்று தடவை வந்துவிட்டுப் போனாரே, அப்படியானால் இவர்தான்' என்பது துப்பறிதல் ஆகாது. குதிரைப் பந்தயத்தில் முகத்தைப் பார்த்துப் பணம் கட்டுகிற கதை.

அடுத்த முறை இப்படிச் செய்யுங்கள். பெயர் தோன்றியதும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதுங்கள். கூடவே மூன்று ஆதாரம் எழுத வேண்டும், எந்தப் பக்கத்தில் எந்த வரி என்று. முகஜாடை, நடத்தை எதையும் சேர்க்கக்கூடாது. பெரும்பாலும் இரண்டாவது ஆதாரத்திலேயே பேனா நின்றுவிடும். நானே எத்தனையோ தடவை ஆளைச் சரியாகச் சொல்லிவிட்டு, எப்படிச் செய்தார் என்ற கேள்வியில் கோட்டை விட்டிருக்கிறேன்.

அப்படியும் சலிப்பு தீரவில்லையா, 'யார்' என்ற கேள்வியே இல்லாத கதைக்குத் தாவுங்கள். ஆஸ்டின் ஃப்ரீமன் என்பவர் 1912இலேயே, முதல் பாதியில் குற்றத்தைக் கண்முன் நடத்திக் காட்டிவிட்டு, இரண்டாம் பாதியில் அது எப்படிப் பிடிபடுகிறது என்று எழுதிப் பார்த்தார். தலைகீழ்க் கதை என்போம். ஜப்பானில் கெய்கோ ஹிகாஷினோ 2005இல் எழுதிய 'தி டிவோஷன் ஆஃப் சஸ்பெக்ட் எக்ஸ்' அந்த வழியில் வந்ததுதான். கொலை எப்படி நடந்தது, யார் செய்தது, யார் மறைக்க உதவியது, எல்லாம் ஆரம்பத்திலேயே தெரியும். தெரிந்தும் கடைசியில் ஏமாறுவீர்கள். உங்களை மாதிரி 'முன்பே தெரிஞ்சுடுச்சு' கட்சிக்காரர்களுக்கென்றே எழுதினது போல இருக்கும்.

கேள்வி: அகதா கிறிஸ்டியின் 'ரோஜர் அக்ராய்ட்' படித்து முடித்ததும் புத்தகத்தை விசிறி எறிந்துவிட்டேன். அது ஏமாற்று வேலைதானே மேடம்?

பதில்: 1926இல் வந்தபோதே இந்தச் சண்டை நடந்துவிட்டது. நீங்கள் தாமதமாக வந்த வாதி. புத்தகத்தைப் பொறுக்கி எடுத்துத் தூசி தட்டி மறுபடி படியுங்கள். இந்த முறை கதைக்காக வேண்டாம், வரிக்காகப் படியுங்கள். பொய்யான வாக்கியம் ஒன்றைக் காட்டுங்கள் பார்ப்போம். நான் தேடித் தோற்றேன். எல்லாம் உண்மை, ஆனால் இரண்டு உண்மைக்கு நடுவே ஒரு சந்து இருக்கிறது, நாம் தாண்டிக் குதித்து வந்துவிட்டோம். மறுபடி படிக்கும்போது வெட்கமாக இருக்கும், எனக்கு இருந்தது.

உண்மையான ஏமாற்று எது என்பதற்கு ரொனால்ட் நாக்ஸ் 1929இல் பத்து விதி போட்டார். அவர் கத்தோலிக்கப் பாதிரியார், அதனால் பத்துக் கட்டளை பாணியிலேயே எழுதிவிட்டார். தடயம் துப்பறிவாளருக்குக் கிடைத்தால் வாசகருக்கும் உடனே கிடைக்க வேண்டும். பேய் பிசாசு கூடாது. அதுவரை யாரும் கண்டறியாத விஷம் கூடாது. முன்னறிவிப்பு இல்லாமல் கடைசியில் இரட்டைப் பிறவியைக் கொண்டுவந்து நிறுத்தக்கூடாது. ரகசிய வழி ஒன்றே ஒன்று மட்டும் அனுமதி! இந்த ரகசிய வழி விதியைப் படிக்கும்போதெல்லாம், இரண்டு சுரங்கப்பாதை வைத்து அவரை யாரோ ரொம்பப் படுத்தியிருக்கிறார்கள் என்று தோன்றும்.

அந்த விதிகளில் தடயம் பற்றியதைத் தவிர மற்றதை யாராவது மீறினால் எனக்கு ஆட்சேபணை இல்லை. தடய விதியை மீறினால் மட்டும் அந்த எழுத்தாளரிடம் திரும்பிப் போக மாட்டேன்.

கேள்வி: பூட்டிய அறைக்குள் கொலை, ஆள் யாரும் வெளியே வரவில்லை... இந்த மாதிரிக் கதைகள்தான் வேண்டும். வரிசை சொல்லுங்கள்.

பதில்: எட்கர் ஆலன் போ 1841இல் எழுதிய 'ரூ மோர்க்' கதையில் ஆரம்பியுங்கள். துப்பறியும் கதை என்ற வகையே அங்கேதான் தொடங்குகிறது என்பார்கள், அது பூட்டிய அறைக் கதையாகவே பிறந்திருக்கிறது. பிறகு ஜான் டிக்ஸன் கார். இந்த வகையின் பெரியவாத்தியார் அவர். 1935இல் வந்த 'தி ஹாலோ மேன்' நாவலில் அவருடைய துப்பறிவாளர் டாக்டர் ஃபெல் ஒரு அத்தியாயம் முழுக்க, பூட்டிய அறைக்குள் கொலை செய்ய என்னென்ன வழி என்று வகை பிரித்துப் பாடம் எடுக்கிறார். நாம் துப்பறியும் கதைக்குள் இருக்கிறோம், இல்லை என்று பாசாங்கு எதற்கு என்று கதாபாத்திரமே சொல்லிவிடுகிறது. கதை அங்கே நின்றுபோகிறதே என்று சிலர் குறைப்படுவார்கள். எனக்கு அந்த அத்தியாயம்தான் விருந்து.

அதற்குப் பிறகு ஜப்பான். எடோகாவா ராம்போ என்று ஒரு முன்னோடி இருந்தார். பெயரை வேகமாகச் சொல்லிப் பாருங்கள், எட்கர் ஆலன் போ என்று கேட்கும். வேண்டுமென்றே வைத்துக்கொண்ட புனைபெயர். சோஜி ஷிமாடாவின் 'தோக்கியோ ஸோடியாக் மர்டர்ஸ்' (1981), யுகிதோ அயட்சுஜியின் 'டெககன் ஹவுஸ் மர்டர்ஸ்' (1987) இரண்டும் ஆங்கிலத்தில் கிடைக்கின்றன. இந்த நாவல்களில் வீட்டு வரைபடம் கொடுத்திருந்தால் புரட்டிவிட்டுப் போகாதீர்கள். விரலை வைத்து ஒவ்வொரு கதவாக நடந்து பாருங்கள். அது அலங்காரத்துக்கு அச்சடித்ததில்லை.

கேள்வி: ரத்தம், சித்திரவதை எதுவும் தாங்காது. ஆனால் மர்மம் பிடிக்கும்.

பதில்: ஜார்ஜ் சிமெனானின் மெக்ரே நாவல்கள். ஒவ்வொன்றும் சின்னது, ஒரு மாலையில் முடியும். காவல் அதிகாரி மெக்ரே பூதக்கண்ணாடி தூக்குவதில்லை, பைப்பைப் பற்றவைத்துக்கொண்டு செத்தவர் வாழ்ந்த தெருவில் போய் உட்கார்ந்துவிடுவார். குற்றவாளி பிடிபடும்போது பாவமாக இருக்கும்.

கேள்வி: தொடர் நாவல்களை வரிசையாகத்தான் படிக்க வேண்டுமா?

பதில்: ஹோம்ஸ், மெக்ரே, கிறிஸ்டியின் புவாரோ: எங்கே வேண்டுமானாலும் நுழையலாம். புவாரோவின் 'கர்ட்டன்' மட்டும் கடைசிக்கு. இரண்டாம் உலகப்போர் சமயத்தில் எழுதி, பூட்டி வைத்து, 1975இல்தான் வெளியிட்டார் கிறிஸ்டி. அவ்வளவு வருஷம் அவரே காத்திருந்தார், நீங்களும் காத்திருக்கலாம். ஸ்வீடனின் ஷோவால், வாலூ ஜோடி எழுதிய மார்ட்டின் பெக் நாவல்கள் வேறு மாதிரி. 1965 முதல் 1975 வரை பத்து நாவல். பத்தும் சேர்ந்து ஒரே கதை போல நகரும், கலைத்துப் படித்தால் நஷ்டம்.

கேள்வி: பாதியில் யார் யார் என்றே குழம்பிவிடுகிறது. வெளிநாட்டுப் பெயர்கள் வேறு.

பதில்: எனக்கும்தான். புத்தகக் குறிக்குப் பதில் ஒரு வெள்ளைத் தாளை வைத்துக்கொள்வேன். மூன்று பத்தி. பெயர், கொலை நேரத்தில் எங்கே இருந்ததாகச் சொன்னார், அதைப் பார்த்த மற்றவர் யார். மூன்றாவது பத்தி காலியாக இருப்பவர்களை நோட்டம் விடுங்கள். அனுபவம் ஏற ஏற, மூன்றாவது பத்தி ரொம்பக் கச்சிதமாக நிரம்பியவர்களை நோட்டம் விடத் தொடங்குவீர்கள்.

கேள்வி: துப்பறிவாளருக்கு எப்போதும் ஒரு எடுபிடி எதற்கு?

பதில்: ஹோம்ஸ் மனசுக்குள் ஓடுவதை அப்படியே சொன்னால் கதை பத்துப் பக்கத்தில் முடிந்துவிடும். அதனால் பார்க்கிற கண் வாட்சனுடையது. புவாரோவுக்கு ஹேஸ்டிங்ஸ். நம் சுஜாதா அதைக் கொஞ்சம் திருப்பிப் போட்டார். கணேஷுக்குப் பக்கத்தில் வந்த வசந்த் வாய் பிளந்து கேட்கிற ஆள் இல்லை, பல இடங்களில் சீனியரையே தூக்கிச் சாப்பிடுகிறவன்.

கேள்வி: அக்கா, நானே ஒன்று எழுதிக்கொண்டிருக்கிறேன். துப்பை எப்படி ஒளிப்பது? எங்கே வைத்தாலும் துருத்திக்கொண்டு தெரிகிறது.

பதில்: ஒளிக்காதே தம்பி. வெளிச்சத்தில் வை, பக்கத்தில் ஒரு பட்டாசு கொளுத்து. இந்த நாலு வரியைப் பார்:

மூன்று வாரமாகப் பூட்டிக் கிடந்த வீடு. கதவைத் தள்ளியதும் தூசி மூக்கில் ஏறியது. சோபா மேல் வெள்ளைத் துணி, மூலையில் ஒட்டடை, சுவர்க் கடிகாரத்தின் டிக் டிக் மட்டும். மாடியில் ஏதோ விழுந்து உருண்டது.

துப்பு எங்கே? கடிகாரம். முதல் அத்தியாயத்தில் எங்கேயோ, 'தாத்தா காலத்துச் சாவிக் கடிகாரம், வாரம் தவறாமல் சாவி கொடுக்க வேண்டும்' என்று ஒருவரைச் சலித்துக்கொள்ள வைத்திருப்பாய். மூன்று வாரம் பூட்டிய வீட்டில் அது ஓடுகிறது என்றால், யாரோ உள்ளே வந்து போயிருக்கிறார்கள். அதுவும் அந்த வீட்டின் பழக்கம் தெரிந்த ஆள், கை தன்னால் சாவிக்குப் போயிருக்கிறது. வாசகர் டிக் டிக்கை வெறுமையின் சத்தமாக எடுத்துக்கொள்வார், அடுத்த வரியில் மாடிக்கு ஓடிவிடுவார். பாதித் துப்பு 12ஆம் பக்கம், மீதி 140ஆம் பக்கம். மூன்றைச் சொல்லும்போது நடுவிலோ கடைசியிலோ சொருகு, முதலில் வைக்காதே. முதலாவதைத்தான் எல்லோரும் ஞாபகம் வைத்துக்கொள்கிறார்கள்.

இன்னொன்று, இல்லாததும் துப்புதான். 1892இல் வந்த ஹோம்ஸ் கதை ஒன்றில் ராத்திரி லாயத்திலிருந்து பந்தயக் குதிரை காணாமல் போகிறது. அங்கே காவலுக்கு நாய் இருந்தது, ஆனால் குரைக்கவில்லை. வந்தவர் நாய்க்குத் தெரிந்தவர், முடிந்தது கதை. நடக்க வேண்டியது நடக்காமல் போவதைக் கவனிக்கிற வாசகர் மிகக் குறைவு.

எல்லா முடிச்சையும் அவிழ்த்தாக வேண்டும் என்று மட்டும் பயந்து சாகாதே. ரேமண்ட் சாண்ட்லரின் 'தி பிக் ஸ்லீப்' நாவல் படமாகும்போது, கார் ஓட்டுநரைக் கொன்றது யார் என்று அவரையே கேட்டிருக்கிறார்கள். எனக்கும் தெரியாது என்றாராம். சாண்ட்லரின் உரைநடை கைவசம் இருந்தால் நீயும் அப்படிச் சொல்லலாம்.

கேள்வி: இப்போது எந்தப் புத்தகத்தை எடுத்தாலும் அட்டையில் 'நீங்கள் எதிர்பாராத திருப்பம்' என்று போட்டிருக்கிறார்கள். நம்பலாமா?

பதில்: அந்த வாசகமே முடிவைப் பாதி சொல்லிவிடுகிறது, அதுதான் என் எரிச்சல். திருப்பம் வருகிறது என்று தெரிந்தபின் எந்தக் கதாபாத்திரத்தையும் நம்பிப் படிக்க முடியுமா? 2012இல் 'கான் கேர்ள்' நாவல் பெரிதாக ஓடிய பிறகு, நம்மிடமே மறைத்தும் திரித்தும் சொல்கிற நம்ப முடியாத கதைசொல்லி வரிசைகட்டி வந்துவிட்டார். நானாக அட்டைக்கு உறை போட்டுவிட்டுத்தான் படிக்கிறேன்.

கேள்வி: முடிவு தெரிந்துவிட்டால் அந்த நாவலை விட்டுவிடலாமா? என் அறைத்தோழி சொல்லித் தொலைத்துவிட்டாள்.

பதில்: விடாதீர்கள். முதல் தடவை கொலையாளிக்காகப் படிக்கிறோம், அடுத்த தடவை எழுத்தாளரைப் பிடிப்பதற்காக. உங்களுக்கு அவள் முதல் சுற்றை மிச்சப்படுத்திக் கொடுத்திருக்கிறாள், அவ்வளவுதான்.

எனக்கும் ஒருமுறை இது நடந்தது. நூலகத்தில் எடுத்த புத்தகம். முதல் பக்கத்திலேயே பாத்திரங்களின் பட்டியல், அதில் ஒரு பெயருக்கு அடியில் யாரோ பென்சிலால் இரண்டு கோடு இழுத்து 'இவன்தான்' என்று எழுதி வைத்திருந்தார்கள். வயிறு எரிந்தது. வேறு புத்தகம் கையில் இல்லாததால் அந்த ஆளை முறைத்துக்கொண்டே 300 பக்கம் படித்தேன். அவன் தேநீர் ஊற்றினால் சந்தேகம், ஜன்னலைச் சாத்தினால் சந்தேகம். கடைசி அத்தியாயத்தில் பார்த்தால் கொலை செய்தது வேறு ஆள். பென்சில்காரர் பாதியில் ஆளை முடிவுகட்டி எழுதிவிட்டு, மீதியைப் படிக்காமலேயே திருப்பிக் கொடுத்திருக்க வேண்டும்.

அழிக்க ரப்பரை எடுத்தேன். பிறகு வைத்துவிட்டேன். அந்தக் கோட்டோடுதான் புத்தகம் நூலகத்துக்குத் திரும்பிப் போயிற்று.